ஏழு பள்ளிகள் வேண்டாம், ஒரு வகுப்பறை போதும்

ஆசிரியர்களை வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்க்க அனுப்பிவைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அடுத்த பயணத்துக்கான ஆசிரியர் பட்டியல் தயாராகிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது கையெழுத்தாவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். போன முறை ஜப்பானுக்குப் போன 24 பேரில் நானும் ஒருத்தி. 23 ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். கூட்டிப் போனவர்களுக்கு நன்றி சொல்லாமல் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நன்றி உண்டு. போகாமலே இருந்திருந்தால், எதைத் தவறவிட்டோம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

ஐந்து வேலைநாள், ஏழு பள்ளிகள். நிகழ்ச்சி நிரலைத் தாளில் பார்க்கும்போது நிறைவாகத்தான் இருந்தது. நடந்தது என்ன என்று சொல்கிறேன். பேருந்து பள்ளி வாசலில் நிற்கும். உள்ளே நுழைந்ததும் காலணி அடுக்கு. காலணியைக் கழற்றிவிட்டு, விருந்தினர்களுக்கென்று வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். கூட்ட அறைக்குப் போனால் தலைமையாசிரியர் திரையில் படம் காட்டி அரை மணி நேரம் பேசுவார். மொழிபெயர்ப்போடு அது ஒரு மணி நேரம் ஆகும். பிறகு நடைக்கூடத்தில் ஒரு சுற்று. பிறகு குழுப்படம், நினைவுப் பரிசு, பேருந்து. ஒரு பள்ளியில் நாங்கள் வகுப்பறைக்குள் உண்மையிலேயே நின்ற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்துவைத்தேன். 11 நிமிடம்.

அந்தச் செருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிகாலைப் பிடித்துக்கொள்ள வார் கிடையாது. முன்பாதம் மட்டும் நுழையும். தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க முடியும். 24 பேர் 48 செருப்புகளோடு நடைக்கூடத்தில் வந்தால் எழும் சரக் சரக் சத்தத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பும் நாங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜப்பானிய வகுப்பறையை நாங்கள் பார்த்தோம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். ஜப்பானியப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள் என்பதுதான் சரி.

மூன்றாம் நாள், நான்காவது பள்ளி. மாடிப்படியில் ஏறும்போது அந்தச் செருப்பு காலை வாரிவிட்டது. கணுக்கால் பிசகி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஒவ்வொரு பள்ளியிலும் உடல்நல அறை ஒன்று உண்டு. அதைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஆசிரியரும் உண்டு. அந்த அம்மா ஓடிவந்து பனிக்கட்டிப் பையை வைத்துக் கட்டிவிட்டார். மற்றவர்கள் மொட்டைமாடியில் இருந்த நீச்சல் குளத்தைப் பார்க்க மேலே போனார்கள், மொழிபெயர்ப்பாளரும் அவர்களோடு போய்விட்டார். துணைத் தலைமையாசிரியர் பக்கத்திலிருந்த நான்காம் வகுப்பின் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

செருப்புச் சத்தம் இல்லாததால் யாரும் திரும்பவில்லை.

கணக்கு வகுப்பு. என் அதிர்ஷ்டம் அது. வேறு பாடமாக இருந்திருந்தால் மொழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்திருப்பேன். பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது. 8 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம் உள்ள செவ்வகம். அதன் வலது மேல் மூலையில் 4 அகலம், 3 உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பரப்பளவு கண்டுபிடிக்க வேண்டும். நாமும் நடத்தும் கணக்குதான். நான் நடத்தினால் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அந்த ஆசிரியர் 45 நிமிடமும் அந்த ஒரே கணக்கில்தான் இருந்தார்.

எனக்கு நேர் முன்னால் ஒரு பையன். 6×8=48 என்று எழுதினான். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பரைத் தொட்டான். எடுக்கவில்லை. ஆசிரியர் கையில் ஓர் அட்டையோடு வரிசை வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார். அட்டையில் வகுப்பின் இருக்கைப் படம். பையனின் பின்னால் நான்கைந்து நொடி நின்றார், ஏதோ குறித்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். எனக்கோ கை பரபரத்தது. “வெட்டின துண்டை விட்டுட்டியேடா” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எனக்கு அவன் மொழி தெரியாததால் தப்பித்தான். இரண்டு நிமிடம் கழித்து அவனே 48-இன் மேல் ஒரு கோடு இழுத்தான். கீழே 3×4=12 என்று எழுதினான். பிறகு 48−12=36.

அடுத்து நடந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு சிறுமி கூப்பிடப்பட்டு, பலகையில் 24+12=36 என்று மட்டும் எழுதிவிட்டு ஓரமாக நின்றாள். விளக்கு என்று ஆசிரியர் அவளிடம் சொல்லவில்லை. வகுப்பைப் பார்த்து ஏதோ கேட்டார். ஒரு பையன் வந்து படத்தில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டான்: இடது பக்கம் 6×4, அதாவது 24, வலது பக்கம் 3×4, அதாவது 12. சரிதானே என்று நினைத்தேன். இன்னொரு பெண் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்து படுக்கைக்கோடு போட்டாள்: கீழே 3×8, அதுவும் 24; மேலே 3×4, அதுவும் 12. வகுப்பு முழுக்க “ஏஏ” என்று ஒரு சத்தம். ஒரே எண்கள், இரண்டு பார்வை. எழுதிய சிறுமி ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தற்செயலாக அமைந்த எண்களா, ஆசிரியர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த எண்களா? கணக்கு நடத்துகிறவர்களுக்கு விடை தெரியும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு முன்னால் இருந்த பையனின் முறை. 48-ஐயும் எழுதி, அதன்மேல் இழுத்த கோட்டையும் போடச் சொன்னார். அவன் தப்பு அங்கே ஒரு வழியின் முதல் படியாகிவிட்டது. கடைசியாக ஒரு சிறுவன் மேல் துண்டைக் கத்தரித்துக் கீழ்ப்பகுதியின் வலது பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினான். 3×12=36. ஒரே பெருக்கல். “ஓஓ” என்றார்கள், கைதட்டினார்கள். மணி அடிக்கப் போகும் நேரத்தில் ஆசிரியர் பலகையின் வலது ஓரத்தில் மஞ்சள் சுண்ணக்கட்டியால் ஒரு வரி எழுதிக் கட்டம் போட்டார். அந்த வரி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பலகையில் ஒன்றுமே அழிக்கப்படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இடது ஓரத்தில் கேள்வி, நடுவில் நான்கு வழிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொன்ன பிள்ளையின் பெயர் எழுதிய காந்தத் துண்டு, வலது ஓரத்தில் அந்த மஞ்சள் வரி. 45 நிமிடமும் சுவரில் நின்றது. இதை அவர்கள் ‘பன்ஷோ’ என்கிறார்கள், பலகையில் எழுதுவதையே ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள். அட்டையோடு நடந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது என்று முடிவு செய்வதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: ‘கிகான் ஷிதோ’. திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். போவதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் மற்ற ஆறு பள்ளிகளிலும் அந்த அட்டையைத்தான் முதலில் தேடியிருப்பேன்.

நீச்சல் குளம் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்கள், “பாவம், நீங்கதான் ஒண்ணும் பார்க்கல” என்று எனக்காக வருத்தப்பட்டார்கள்.

திரும்பியதும் நீங்கள் ஒரு படிவம் கொடுத்தீர்கள். ‘கண்ட சிறப்பு அம்சம்’ என்று ஒரு கட்டம், ‘நம் பள்ளிகளில் செயல்படுத்தும் வழி’ என்று ஒரு கட்டம். 24+12-க்கு அதில் இடமில்லை. ‘மாணவர்களே பள்ளியைத் தூய்மை செய்கின்றனர்’ என்று எழுதினேன். அநேகமாக எல்லோரும் அதையே எழுதியிருந்தோம். சில மாதத்தில் மாணவர்கள் நாளும் தூய்மைப் பணியில் ஈடுபட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையில் என் கையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தது துடைப்பத்தை மட்டும் அல்ல. துணியைப் பிழிந்துகொண்டு மண்டிபோட்டுத் தரை துடைத்த வகுப்பாசிரியரையும்தான். ‘தொக்கட்சு’ என்று அங்கே பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி உண்டு. வகுப்புக் கூட்டம், பள்ளி விழா எல்லாம் அதில் அடக்கம். யார் எந்த வேலையைச் செய்வது, சரியாக நடக்காவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளே உட்கார்ந்து பேசுகிறார்கள். துடைப்பம் கண்ணில் பட்டது. அந்தப் பேச்சு நடந்த நேரத்தில் நாங்கள் பேருந்தில் இருந்தோம்.

இதில் நீங்கள் மட்டும் குற்றவாளி இல்லை, மிகப் பழைய வியாதி இது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹோரஸ் மேன் 1843-இல் திருமணம் செய்துகொண்டு தேனிலவுக்கு ஐரோப்பா போனார். போன இடத்தில் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார். (அந்த அம்மாவின் பொறுமையை நினைத்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.) திரும்பி வந்து, அன்றைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பள்ளிகளைப் புகழ்ந்து ஓர் அறிக்கை எழுதினார். அது தங்களை இடித்துக்காட்டுவதற்காக எழுதப்பட்டது என்று பாஸ்டன் நகரத்துப் பள்ளி ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து 1844-இல் ஒரு முழுப் புத்தகமாக மறுப்பு வெளியிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் வெளிநாட்டில் பார்த்த பள்ளியை உள்ளூர் ஆசிரியரை அடிக்கும் கோலாகத் தூக்கினால், அந்தக் கோல் எவ்வளவு நல்ல மரத்தில் செய்ததாக இருந்தாலும் அடிபடுகிறவர் அதன் அழகைப் பார்க்கமாட்டார். “ஜப்பானில் பாருங்கள்” என்று தொடங்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் என் சக ஆசிரியர்களின் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜப்பானே வெளிநாடு பார்த்து வளர்ந்த நாடுதான். 1871 டிசம்பரில் இவாகுரா என்ற அமைச்சர் தலைமையில் ஒரு பெரிய குழு கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. அது 1873 செப்டம்பரில்தான் ஊர் திரும்பியது. கல்வியைப் பார்ப்பதற்கென்றே தனக்கா புஜிமாரோ அதில் போனார். அவ்வளவு நாள் பார்த்தவர், பின்னால் அமெரிக்க முறையை ஒட்டி 1879-இல் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தார். அதிலேயே கட்டுப்பாடு போதாது என்று எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மாதக்கணக்கில் பார்த்தவருக்கே அந்தக் கதி. நாங்கள் ஐந்து நாள் பார்த்தவர்கள்.

அடுத்த பயணம் பின்லாந்துக்கு என்று பேச்சு அடிபடுகிறது. அப்படியானால் அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அந்த நாட்டின் பெயர் ஊருலகமெல்லாம் பரவியது, பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கான பீசா தேர்வின் முதல் முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தபிறகு. கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரிக் குறிப்போடு திரும்பினார்கள்: ஏழு வயதில்தான் பள்ளி, பாடங்களுக்கு நடுவே 15 நிமிட இடைவேளை, இலவச மதிய உணவு, பொதுத்தேர்வு கடைசியில் ஒன்றே ஒன்று. எல்லாம் உண்மைதான், எல்லாம் நடைக்கூடத்தில் நின்றாலே தெரிகிற உண்மை. 1972-இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி 1977-க்குள் தெற்குவரை பொதுப்பள்ளி முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்களே, அது எந்த நடைக்கூடத்தில் தெரியும்? 1979 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்களே, அதைப் படம் எடுக்க முடியுமா? அதே பின்லாந்தின் கணித மதிப்பெண் 2006-இல் 548, 2022-இல் 484. இறங்கிவந்த அந்த ஆண்டுகளிலும் இடைவேளை 15 நிமிடம்தான், மதிய உணவும் இலவசம்தான். பார்த்தது எது, காரணம் எது என்று பிரித்தறியத் தெரியாமல் போனால் இடைவேளையை மட்டும் மூட்டைகட்டிக் கொண்டுவருவோம்.

ஜப்பானிலும் எங்களுக்குக் காட்டப்படாதவை உண்டு. காரணம் ஏதும் இல்லாமல் இல்லை. விருந்தாளிக்கு யாரும் கொல்லைப்புறத்தைக் காட்டுவதில்லை. ஏழில் நான்கு பள்ளிகள் பல்கலைக்கழகங்களோடு இணைந்த ‘ஃபுஸோகு’ பள்ளிகள். ஆய்வுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் என்று நடத்தப்படுபவை, சாதாரண அரசுப் பள்ளிகள் அல்ல. எனக்குக் கால் பிசகியது ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2023 கல்வியாண்டில் அந்த நாட்டில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராமல் இருந்த தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,000-க்கும் மேல். ‘ஃபுதோகோ’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எந்தக் குழுப்படத்திலும் இருக்கமாட்டார்கள். அதைப் பற்றி ஒரு தலைமையாசிரியரிடமாவது நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, கைதட்டினோம்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள்.

ஒரே பள்ளி. முடிந்தால் ஒரே வகுப்பு. ஒரு வாரம். 24 பேரை ஒரே வீட்டுக்குக் கல்யாணத்துக்கு அனுப்புவதுபோல அனுப்ப வேண்டாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பள்ளிகளில் விடுங்கள், இருவரும் ஒரே பாடக்காரர்களாக இருக்கட்டும். இரவில் உட்கார்ந்து “நீங்க என்ன பார்த்தீங்க, நான் இதைப் பார்த்தேன்” என்று சண்டைபோட ஓர் ஆள் வேண்டும். திங்கட்கிழமை பார்த்த பாடம் செவ்வாய்க்கிழமை எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு ஆசிரியரின் வேலையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஒரு பிரிவேளையை மட்டும் பார்ப்பது, நாடகத்தில் ஒரு காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கதை சொல்வது போலத்தான்.

போவதற்கு முன் எங்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் வகுப்பின் பின்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது ஆய்வு. குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் அவர். அதனால் நாங்களும் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஆசிரியரைத்தான் பார்க்கிறோம்: குரல் எடுபடுகிறதா, எழுத்து நேராக இருக்கிறதா. ஜப்பானில் ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று ஒன்று இருக்கிறது, பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து பல வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். எந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லக்கூடும், எந்தத் தப்பைச் செய்யக்கூடும் என்பதுகூடப் பாடக்குறிப்பில் இருக்கும். ஒருவர் நடத்துவார், மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்காக மற்ற வகுப்புகளை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. பார்க்கிறவர்கள் ஓரமாக நிற்பார்கள், பிள்ளைக்கும் பலகைக்கும் நடுவில் வரமாட்டார்கள், பிள்ளைகளிடம் பேசமாட்டார்கள், உதவமாட்டார்கள். ஒவ்வொருவரும் ஓரிரு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களின் கை என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசும்போது பேச்சு ஆசிரியரைப் பற்றி அல்ல, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. வகுப்பைப் பார்ப்பதையே ஒரு கலையாக வளர்த்துவைத்திருக்கும் நாட்டுக்குப் போய், நாங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடினோம்.

ஆகவே பட்டியலில் உள்ளவர்கள் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கத் தொடங்கட்டும். வாயைத் திறக்காமல் 45 நிமிடம் உட்கார்ந்திருப்பது எங்களில் யாருக்கும் சுலபமாக வராத வித்தை, பழக வேண்டும். விமானச் சீட்டு கிடைக்காதவர்களுக்கும் இது பலிக்கும். 1995-இல் ஆய்வாளர்கள் ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81 என்று 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை ஒளிப்பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாட்டுக்கும் கற்பிப்பதில் தனித்தனி வாடிக்கை இருக்கிறது என்று கண்டார்கள். தேர்ந்த ஆய்வாளர்களுக்கே ஒரு பார்வை போதவில்லை.

தேர்வு பற்றியும் ஒன்று. விருது வாங்கியவர்களையும் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களையும் அனுப்புகிறீர்கள். விருதுக்குப் பரிசாகச் சுற்றுலா கொடுப்பதென்றால் அதைச் சுற்றுலா என்றே சொல்லிவிட்டுக் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பள்ளி பார்க்க என்றால், தன் பாடத்தில் தீராத ஒரு சந்தேகத்தை எழுதித் தருகிறவரை அனுப்புங்கள். “பின்னத்தை வகுக்கும்போது பிள்ளைகள் ஏன் குழம்புகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை” என்று எழுதுகிறவர் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் எதையாவது கண்டுபிடிப்பார். ஆங்கிலம் எங்கள் ஏழு பள்ளிகளில் எங்கேயும் பெரிதாக உதவவில்லை. அந்தந்தப் பாடம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உதவியிருப்பார். அன்றைய பாடக்குறிப்பை முதல் நாளே மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தால் அதைவிட நல்லது.

அறிக்கைப் படிவத்தை மாற்றுங்கள். சிறப்பு அம்சம் எழுதச் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை ஒரு பிரிவேளையில் என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு நின்று படம் எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் பிள்ளைகளை முன்பின் தெரியாத 24 பேர் வந்து படம் பிடித்தால் நாம் விடுவோமா?

நாங்கள் ஒவ்வொரு முறையும் பொம்மையும் சால்வையும் கொடுத்தோம், அவர்களும் புன்னகையோடு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பார்க்கப் போகிறவரிடம் அங்கே எதிர்பார்க்கப்படுவது வேறு என்று அந்த நான்காம் பள்ளியில்தான் தெரிந்துகொண்டேன்.

என் கைபேசியை உடல்நல அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரவு ஏழரை மணிக்கு மொழிபெயர்ப்பாளரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பிப் போனேன். ஆசிரியர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அநேகமாக எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. பொருளாதார ஒத்துழைப்புக்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் 2018 கணக்கெடுப்பில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வந்தது, பங்கேற்ற நாடுகளின் சராசரி 38 மணி. மிகைநேரச் சம்பளம் கிடையாது; அதற்குப் பதிலாக 1971-இல் போட்ட சட்டத்தின்படி மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் கூடுதல் என்பதுதான் பல பத்தாண்டுகளாக இருந்த ஏற்பாடு. எங்களைப் போன்ற குழுக்களை வரவேற்கும் நேரமும் அந்த 56-க்குள்தான் வருகிறது என்று அந்த அறை வாசலில் நின்றபோது உறைத்தது.

நான்காம் வகுப்பு ஆசிரியர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வகுப்பு நன்றாக இருந்தது என்று சொன்னேன். தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, உடனே ஒரு கேள்வி கேட்டார். “நீங்கள் அந்தப் பையனுக்குப் பின்னால்தானே இருந்தீர்கள்? 48-ஐ எழுதியபிறகு அவன் என்ன செய்தான்?” 23 ஆண்டில் என் வகுப்பைப் பார்க்க வந்த யாரிடமும் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ரப்பரைத் தொட்டான், எடுக்கவில்லை, இரண்டு நிமிடம் படத்தையே பார்த்தான், பிறகு தானே கோடு இழுத்தான் என்றேன். ரப்பரைத் தொட்டானா என்று இன்னொரு முறை கேட்டு, அவன் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்தப் பயணம் முழுவதிலும் நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மஞ்சள் வரி என்ன என்று கேட்டேன். “இப்படித் துண்டை நகர்த்தி ஒட்டும் வழி எப்போதும் செல்லுமா?” அதுதான் நாளைய பாடம் என்றார். விடுதிக்குத் திரும்பியதும் தாளில் போட்டுப் பார்த்தேன். வெட்டிய துண்டின் உயரம் 3 என்பதால்தான் மேல் துண்டு பக்கத்தில் கச்சிதமாக ஒட்டியது. உயரத்தை 1 என்று மாற்றினால் ஒட்டாது. 2 என்று மாற்றினால் முதலில் ஒட்டாது போலத் தோன்றுகிறது; ஆனால் மேல் துண்டைத் திருப்பி நிமிர்த்தி வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, 4×10=40! இத்தனை ஆண்டு நடத்திய கணக்கில் இதை நான் பார்த்ததே இல்லை. கணுக்கால் வலியிலும் தூக்கம் பிடிக்கவில்லை.

“நாளைக்கு இரண்டாம் பிரிவேளை, வந்து பாருங்கள்” என்று அவர் கூப்பிட்டிருந்தார். நிகழ்ச்சி நிரலை மாற்ற முடியாது என்று குழு ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஐந்தாவது பள்ளிக்குக் கிளம்பிற்று. அந்த வகுப்பில் துண்டைத் திருப்பி வைத்துப் பார்க்க யாருக்காவது தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிக்கு,
போன முறை போய்வந்த ஒரு கணித ஆசிரியை